காய்ந்த விறகு

“இது பச்சை விறகுய்யா. நல்லாக் காஞ்சதா எடு.”

தலைமைக் குரு ஆம்ப்ரோஸ் டெல்வின் கட்டுக்குள் கையை விட்டு ஒரு குச்சியை முறித்துப் பார்த்தார். அது முறியாமல் வளைந்தது. ஹார்ஸ்விக் பேராலயத்துக்கு அவர் வந்து ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரே அவரைக் கண்டால் ஒதுங்கியது.

நாளை சந்தைத் திடலில் மார்ஜரி என்பவளைக் கம்பத்தில் கட்டி எரிக்கப்போகிறார்கள். பூசையில் தரும் அப்பம் வெறும் அப்பம்தான், ஆண்டவரின் சதை அல்ல என்று சொல்லிவிட்டாள். எங்கிருந்தோ பிடித்து வந்தவள். ஊரில் அவளுக்கு யாருமில்லை. தீர்ப்பில் முதல் கையெழுத்து டெல்வினுடையது.

“கொல்றதுக்கு அவ்வளவு அவசரமா சாமி?” என்றான் விறகுக்கடை தர்ஸ்டன்.

“நாணல் கட்டும் வை. நெஞ்சளவு அடுக்கு. அவளுக்குப் புகை ஆகாது, மூச்சு இழுக்கும்.”

தர்ஸ்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போன ராஜா காலத்துல நீங்களும்தானே வெறும் அப்பம்னு சொன்னீங்க? சாமிமாரெல்லாம் கல்யாணம்கூடப் பண்ணிக்கிட்டீங்க. ராணி வந்ததும் பழைய பூசை, பொண்டாட்டிமார் நடுத்தெருவுல. அந்தப் பொம்பளைக்கு ஒரே நாக்கு. அதான் சாகுறா.”

டெல்வின் உருவிய அடுத்த குச்சியைத் தர்ஸ்டன் பிடுங்கிக்கொண்டான்.

“பச்சை விறகுதான் தருவேன். மழை வந்தா அணைஞ்சுபோகும். அவ பொழைச்சாலும் பொழைப்பா.”

“பொழைக்க மாட்டா. போன மாசம் பக்கத்து ஊர்ல பச்சை விறகுதான் வெச்சாங்க. கால் ரெண்டும் கருகின பிறகும் அந்த ஆள் பேசிக்கிட்டே இருந்தான்.”

“அப்போ விட்டுடச் சொல்லுங்களேன். நீங்கதானே பெரிய ஆளு!”

“சொன்னா நாளைக்கு ரெண்டு கம்பம் நடுவாங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்லடா.” ரோமம் வைத்த மேலங்கியோடு அவர் சேற்றில் மண்டியிட்டார். தோள்கள் குலுங்கின.

தர்ஸ்டன் கையிலிருந்த பச்சைக் குச்சியைக் கீழே போட்டான். பிறகு போய்ப் பின்கொட்டகையைத் திறந்துவிட்டான். உள்ளே காய்ந்த விறகு கூரைவரை அடுக்கியிருந்தது.

“கையெழுத்தும் போட்டுட்டு அழவும் செய்றீங்க. யாரு சாமி அவ உங்களுக்கு?”

“என் பொண்டாட்டி.”