இரண்டாம் சரணம்

"ரெகார்டுல எப்பிடியோ அப்பிடி. ஒரு மூச்சுகூட மாறக் கூடாது, இன்னா?"

மேடைப் படியில் கஸ்தூரியை நிறுத்திவைத்துச் சொன்னார் தசரதன். இன்னிசைக் குழு அவருடையது. அவளை "ரெகார்டு கஸ்தூரி" என்றுதான் மைக்கில் அறிவிப்பார். அப்பா காலத்துப் பாட்டோ, போன மாதம் வந்த பாட்டோ, இசைத்தட்டில் இருப்பதை அச்சு மாறாமல் பாடுவாள். அவளுக்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் அம்மன் திருவிழா. ஏரியின் மேல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சவுக்குக் கழிகளில் கட்டிய டியூப் லைட்டுகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

முன்னால் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். பின்னால் மணலில் ஊர் ஜனம். அதற்கும் பின்னால், வெளிச்சம் முடிகிற இடத்தில், ஏரியிலிருந்து நேராக வந்த சில பெண்கள் ஈரப் புடவையோடு நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

தசரதனும் அவர்களைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க வந்துகீறாங்க. மேலேர்ந்து கைகிய் ஆட்டிவைக்காதே. மெட்ராஸ் பாடகின்னு சொல்லித்தான் உன்ன இட்டாந்துகீறேன். எதுனா கோணலாச்சு, நாளைலேர்ந்து வேற பொண்ணு."

கஸ்தூரி தலையாட்டினாள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவள்தான்.

கிதார்க்காரர் சம்சுதீன் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர். மற்ற நாட்களில் மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் இங்கிலீஷ் பாட்டுக்கு வாசிப்பவர். வரும்போது வேனில் ஒரு கேசட் போட்டார். அமெரிக்காவில் ஒரு ராக் பாடகி, தன் அப்பா காலத்து ஜாஸ் பாட்டுகளை எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் பாடியது. தாளம் முன்னால் போயிற்று. அவள் குரல் அவசரப்படாமல் பின்னால் வந்தது. சில இடங்களில் வரவே இல்லை.

"பழைய ரெகார்டு மாதிரி இல்லன்னு அவள யாரும் அடிக்க வரலியா, பாய்?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"அதே மாதிரி வேணும்னா போயி அந்த ரெகார்டையே கேளுங்கன்னு சொல்லியிருப்பா," என்றார் சம்சுதீன்.

அந்தப் பாட்டுகளில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை. ஆனால் பாடியவள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு பாடவில்லை என்பது புரிந்தது. தனக்கு அவள்மேல் பொறாமை என்று முதலில் நினைத்தாள்.

இப்போது நிலாப் பாட்டு. முன்வரிசைக்காரர்கள் விரும்பிக் கேட்டிருந்த பழைய பாட்டு.

பல்லவி ரெகார்டில் இருந்தபடியே வந்தது. முதல் சரணமும் அப்படியே. பெரியவர்களின் தலைகள் அசைந்தன. தசரதன் கைகட்டி நின்றார்.

இடையிசை முடிந்தது.

இந்த இரண்டாம் சரணத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு வெட்கம் எழும். சிறு வயதில் டீக்கடை ரேடியோவில் இதை முதல்முறை கேட்டபோது, நல்ல பாட்டில் யாரோ வார்த்தைகளைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று அழுதிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வார்த்தைகளைக் கற்றுக்கொண்டாள். மற்றவர்களைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள்.

கஸ்தூரி பல்லைக் கடித்தாள். உதட்டைச் சேர்த்தாள்.

மெட்டு மட்டும் தொண்டையிலிருந்து எழுந்து மூக்கின் வழியே மைக்குக்குப் போயிற்று. தாளத்துக்குச் சற்றுப் பின்னால். நடுவில் நின்றது. ஒரு நீண்ட மூச்சு. மறுபடி எழுந்தது.

டிரம்ஸ் தடுமாறியது. சம்சுதீன் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஹோட்டலில் வாசிப்பதுபோல மெல்லக் கூடச் சேர்ந்துகொண்டார்.

"இன்னாது, மெட்ராசுக்கு வரி மறந்துபோச்சா?" என்றார் முன்வரிசையில் ஒருவர். நாற்காலிகள் சிரித்தன.

மறக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் நாக்கின் அடியில் இருந்தது. அவள்தான் கொடுக்கவில்லை.

திரைக்குப் பக்கத்திலிருந்து தசரதன் பல்லைக் கடித்தார். "வாயத் தொற."

அவள் மைக்கை இன்னும் நெருங்கினாள். வலது கையைத் தூக்கி, நாற்காலிகளுக்கும் மணலுக்கும் அப்பால், வெளிச்சம் முடிகிற இடத்தைப் பார்த்து ஆட்டினாள்.

அங்கிருந்து அதே மெட்டு வந்தது. மைக் இல்லாமல், வார்த்தை இல்லாமல், முதலில் ஒரு தொண்டையிலிருந்து, பிறகு பல தொண்டைகளிலிருந்து. முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

சம்சுதீன் அவள் பக்கம் சாய்ந்தார். "கேசட்ல கத்துக்கினியா?"

கஸ்தூரி இல்லை என்று தலையசைத்தாள். அந்த மேடையில் அவள் தலை அப்படி அசைந்தது அதுவே முதல்முறை.

"வாயத் தொறடி," என்றார் தசரதன்.

இருட்டில் முதலில் எழுந்த குரல் அவள் அம்மா நாகம்மாளுடையது. கழுத்து நனைய ஏரியில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அவள் இந்தப் பாட்டைப் பகலெல்லாம் பாடியிருக்கிறாள்.

வாயைத் திறந்தால் பறி போய்விடும்.