மாதிரி நடை

"இதப் போட்டா நொண்டறேன் மேடம். கழட்டினா நேரா நடக்கிறேன்" என்று சொல்லி, கொத்தனார் முழங்கால் கருவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

அவளுக்குக் கோபம் சுரீரென்று ஏறியது.

எண்ணூற்று நாற்பது கிராம். ஒவ்வொரு கிராமையும் யாருடனாவது சண்டை போட்டுக் குறைத்தவள் அவள். தொடைக்கு ஒரு பட்டை, கெண்டைக்காலுக்கு ஒரு பட்டை, முட்டிக்குப் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். கால் எடுத்து வைக்கும்போது முட்டி எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவு நீட்டிக் கொடுக்கும். அதைப் போய் நொண்ட வைக்கிறது என்கிறார்!

சாரத்திலிருந்து விழுந்து இடது முட்டி பலம் குறைந்த இந்தக் கொத்தனார்தான் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோன முதல் ஆள். பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனைக்காரர்கள் வந்து அவர் நடப்பதைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நூறு கருவி கேட்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்.

மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் காதில் விழும்படியே முணுமுணுத்தாள். கொத்தனார் சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திட்டு, அலுவலகத்தில் மோட்டாரைக் கவனிக்கும் மோட்டார்காரருக்கு. மோட்டார் பிந்துகிறதா என்று கேட்டாள். இல்லை. பட்டை தைத்தவள் தளர்வாகத் தைத்துவிட்டாளா? அதுவும் இல்லை. அலுவலகத்தில் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்த பெயர் மிளகாய். அன்று காலை அது காரணப்பெயர்தான்.

கருவியில் பதிவாகியிருந்த கொத்தனாரின் நடையைத் திரையில் போட்டுப் பார்த்தாள். மாதிரி நடை நீலக் கோடு, அவர் நடை சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று, இடையில் மயிரிழை இடைவெளி இல்லை. கருவி சொன்னதைச் செய்திருக்கிறது. அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. தப்பு எங்கே என்று தெரிந்தால் அதையாவது திட்டலாம்.

மாதிரி நடை அவளுடையது. தொடங்கிய புதிதில் நடந்து காட்ட ஆள் தேடி அலைந்து வெறுத்துப்போய், கடன் வாங்கிய கால் எதற்கு என்று தன் காலிலேயே அசைவை அளக்கும் உணரிகளை ஒட்டிக்கொண்டாள். நாற்பது தடவை நடந்து பதிவு செய்தாள். போட்டவரை அதே மாதிரி நடக்க வைப்பதுதான் கருவிக்கு இலக்கு.

பிறகு அலுவலகத்தில் ஐந்து பேரையும் மோட்டாரை ஓடவிடாமல் கருவியைப் போட்டு நடந்து பார்க்கச் சொன்னாள். ஐந்து பேரும் மாதிரி நடையைவிட இடது முட்டியை நான்கு டிகிரி அதிகமாக நீட்டினார்கள். நாள் முழுக்க நாற்காலியைத் தேய்த்தால் கால் இப்படித்தான் போகும் என்று ஐந்து பேருக்கும் அர்ச்சனை நடந்தது. மோட்டார்காரர் மட்டும், "மேடம், அந்த மாதிரி நடையில..." என்று இழுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவளிடம் அப்படித்தான். அவள் செருப்புக்கடைக்காரரைக்கூட விட்டுவைத்ததில்லை. இடது செருப்பு மட்டும் ஆறே மாதத்தில் தேய்ந்துபோகிற மாதிரி என்ன செருப்பு விற்கிறீர்கள் என்று வருடத்துக்கு இரண்டு முறை சண்டை உண்டு.

மணி பதினொன்றரை. அவள் குனிந்து கருவியைக் கொத்தனார் காலில் தானே இறுக்கிக் கட்டினாள். கட்டிய வேகத்தில் அவர் முகம் சுளித்தார்.

"நடங்கண்ணே. நானும் கூட வரேன். எங்க நொண்டுதுன்னு எனக்கே காட்டுங்க."

நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த பழைய மரக்கதவைப் போன வாரம்தான் எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். இருவரும் அதை நோக்கி நடந்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்தும் இருவர் நடந்து வந்தார்கள்.

கொத்தனார் இடது காலை ஊன்றினார். அவருடைய இடது தோள் இறங்கி ஏறியது. சொன்னது உண்மைதான், நொண்டுகிறார்.

பக்கத்தில் இன்னொரு தோளும் இறங்கி ஏறியது. அதே நேரம், அதே அளவு.

அவள் நின்றாள். மறுபடி நான்கு அடி நடந்தாள். இறங்கியது, ஏறியது.

எட்டு வயதில் மாடிப்படியில் உருண்டு, மூன்று மாதம் கழித்து இடது கால் மாவுக்கட்டைப் பிரித்த அன்று, அவளை நடக்கவிட்டுப் பார்த்து அம்மா சொன்னாள், நொண்டுவது துளிகூடத் தெரியவில்லை என்று. அதற்குப் பிறகு யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தாள். இதுவரை இவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டன. மோட்டார்காரர் கையிலிருந்த திருகாணியை ஏதோ புதையல் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார்.

தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும். இரண்டு வருடமாக டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அவளுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஒருத்தருக்குக்கூட வாய் இல்லையா? வாயைத் திறந்த ஒருவரை முறைத்து உட்கார வைத்தது யார் என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

கொத்தனார் அவள் பக்கம் சாய்ந்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி, ஆறுதல் சொல்கிறவர் மாதிரி குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்களும் துணிக்குள்ள இதுல ஒண்ணு கட்டியிருக்கீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும் மேடம். கழட்டிப் பாருங்க, சரியாயிடும்."