சர்க்கார் கேஸ்

“கேஸை வாபஸ் வாங்க நீ யாரு?”

சர்க்கார் வக்கீல் அப்துல் வஹீத் போட்ட சத்தத்தில், குடியாத்தம் கோர்ட் வராந்தாவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆரோக்கியமேரி தலையைக் குனிந்தபடி நின்றாள். பக்கத்தில் நின்ற காசிநாதனுக்கு ரத்தம் கொதித்தது.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு வாபஸ் கேட்க வரவில்லை. அவள் புருஷன் அந்தோணிக்கும் காசிநாதனுக்கும் பேரணாம்பட்டில் ஒரே தோல் கம்பெனியில் வேலை. எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. உள்ளே விஷவாயு இருக்கும், இறங்க வேண்டாம் என்று ஆட்கள் சொல்லியும் மேனேஜர் கேட்கவில்லை. அந்தோணியை மிரட்டி இறக்கினார். பிணமாகத்தான் மேலே வந்தான். தூக்கியது காசிநாதன்.

போலீஸ் மேனேஜர்மேல் கேஸ் போட்டது. ஆனால் பார்த்த சாட்சிகள் எல்லாரும் மேரி குடியிருக்கும் தெருக்காரர்கள். எல்லாரும் அந்தக் கம்பெனிக் கூலியைத்தான் சாப்பிடுகிறார்கள்.

போன வாரம் கம்பெனிக் கணக்குப்பிள்ளை நந்தகோபால் தெருவுக்கு வந்தார். மேரி போய்க் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் வேலை இருக்கும். இல்லாவிட்டால் இந்தத் தெரு ஆட்கள் யாரும் இனிமேல் கம்பெனி வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருவே மேரி வீட்டு வாசலில் கூடிவிட்டது. யாரும் அதட்டவில்லை. அழுதார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காசிநாதனும் அங்கே இருந்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் வீட்டிலும் மூன்று பெண்பிள்ளைகள்.

மேரி சரி என்றாள். இன்றைக்கு நந்தகோபாலே முதலாளியின் அம்பாசடர் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து வக்கீல் எதிரில் நிறுத்தியிருந்தார்.

“செத்தது உன் புருஷனா இருக்கலாம். கேஸ் உன்னுது இல்ல, சர்க்காரோடது,” என்றார் வக்கீல். “வேணும்னா வச்சுக்கவும் வேணாம்னா விட்டுடவும் இது என்ன உன் வீட்டு ஆடா, கோழியா?”

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் காசிநாதன் பக்கம் திரும்பினார். “நீ சாட்சிதானே? கோர்ட்டுக்கு வரலைன்னா வாரண்ட் போட்டு இழுத்துட்டு வரச் சொல்லுவேன். வந்து மாத்திப் பேசினா உன்மேல தனியா ஒரு கேஸ். உங்க தெருவுல மத்த சாட்சிங்க காதுலயும் போட்டு வை.”

கடைசியாக நந்தகோபால். அவரிடம் மட்டும் குரல் தணிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“சார் யாரு? சாட்சியைக் கார்ல வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

நந்தகோபால் பேரைச் சொல்லவில்லை. இவர்களை ஏற்றிக்கொள்ளக்கூட நிற்காமல் காரில் போயே போய்விட்டார். இரண்டு பேரும் பஸ் பிடித்தார்கள்.

“புருஷனப் பறிகொடுத்தவளப் பாத்து ஆடா கோழியான்னு கேக்கறான். இவன்லாம் இன்னா மனுசன்?” வழியெல்லாம் காசிநாதன் பொருமிக்கொண்டே வந்தான். மேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்று. நந்தகோபால் முதலாளியிடம் போய், அந்த ராட்சசன் இருக்கிறவரைக்கும் யார் கெஞ்சியும் பிரயோஜனமில்லை, பாவம் இதுங்க இன்னா பண்ணும் என்று சொல்லிவிட்டார். யார் வேலையும் போகவில்லை. மேரி வாசலில் வந்து யாரும் அழவுமில்லை. அவள் கையில் இல்லாத கேஸுக்கு அவளிடம் அழுது என்ன ஆகப்போகிறது? எல்லாருமாகச் சேர்ந்து வக்கீலைச் சபித்தார்கள்.

விசாரணையில் காசிநாதன் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னான். மற்றவர்களும் சொன்னார்கள். வாரண்டுக்குப் பயந்துதான் போனோம் என்று கம்பெனியில் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வழி இருந்தது. மேனேஜருக்கு ஜெயில் தண்டனை ஆனது.

தீர்ப்பு முடிந்ததும் மேரி ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வக்கீலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றாள்.

“நீ போம்மா. உன்ன அந்தப் பேச்சு பேசின ஆளுக்கு நான் கும்பிடு போட மாட்டேன்.”

“வாண்ணா, சும்மா வா,” என்று சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளைப் பார்த்ததும் அப்துல் வஹீத் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு, உட்காருங்கம்மா என்றார். அன்று கேட்ட குரலே இல்லை.

“அன்னைக்கு முந்தின நாள் நீங்க தனியா வந்து, ‘நாளைக்கு என்னை இங்க கூட்டிட்டு வருவாங்க. அவங்க எதிர்லயே நல்லாத் திட்டி அனுப்புங்க. தெருவும் பொழைக்கும், கேஸும் பொழைக்கும்’னு கேட்டீங்க. நானும் திட்டிட்டேன். ஆனா அந்த ஆடு, கோழி… அது கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சும்மா. இத்தனை நாளா மனசு உறுத்திட்டே இருக்கு.”

காசிநாதன் மேரியைப் பார்த்தான்.

“அதெல்லாம் அளவாத்தான் இருந்துச்சுங்க ஐயா,” என்றாள் அவள். “எங்க அண்ணனத்தான் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். கூண்டுல ஏர்ற வரைக்கும் கை நடுங்கிக்கினே இருந்துச்சு.”

கும்பிடத் தூக்கிய காசிநாதனின் கை பாதியில் நின்றது. இரண்டு பேரில் யாரை முதலில் கும்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.