வளவி போட்ட வாப்பா

மத்தியான வெயில் ஓலைக்கூரை ஓட்டை வழியாகப் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுகிறது. இறால் காயப்போடும் களத்திலிருந்து சோற்றுக்கு வந்த சீனி இபுறாகீம், மூன்றாம் தடவையாகப் புளி போட்டுத் தேய்த்த கையைப் பெண்டாட்டியிடம் நீட்டுகிறான். கதீசா மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிறாள். "இன்னும் இறாலுதான் வருது. நேத்து நீங்க ஊட்டிப் பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சது போதும்." மூன்று வயசு ரகுமத்துக்கு இறால் வாடை பட்ட கையே ஆகாது, ஆனால் வாப்பா கையைத் தவிர வேறு கையில் சோறு வாங்கவும் மாட்டாள். காலையிலிருந்து வெறும் தண்ணிதான். உம்மா கை கிட்டே வந்தால் உதடு பூட்டிக்கொள்கிறது. கதீசா பிள்ளையைப் புருசன் முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, அவன் அக்குள் வழியாகத் தன் கையை அவன் கைபோல முன்னால் விடுகிறாள். அவன் தன் கையிரண்டையும் குண்டிக்கடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறான். பருப்புச்சோற்று உருண்டை முதலில் அவன் தாடியில் அப்புகிறது, அப்புறம் பிள்ளையின் மூக்கில். கண்ணாடி வளவி கலகலக்கிறது. ரகுமத்து வளவியைப் பார்க்கிறாள், வாப்பா மூஞ்சியைப் பார்க்கிறாள். "வாப்பா வளவி போட்டுருக்கு!" என்று அவள் சிரித்த வாய்க்குள் உருண்டை போய்விடுகிறது. "முழுங்கிட்டாளா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். அவன் மூச்சுவிடாமல் பிள்ளையின் தொண்டையையே பார்க்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. "வாப்பா," என்று ரகுமத்து மறுபடி வாயை ஆவென்று திறக்கிறாள், "அந்த வளவிக் கையி."