ஆதாரம்: எனக்குத் தெரியும்

"அந்தப் பொண்ணு பொறக்கவே இல்லம்மா! நானாத்தான் பொறக்க வெச்சேன்!"

கணக்கு வாத்தியார் போட்ட சத்தத்தில், கண் பரிசோதனைக்காக எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்குப் பாதி வரி மறந்துபோனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி அவரை எழுப்பி, "நாளைக்கு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள். முகத்தில் பயம் என்பது பேருக்குக்கூட இல்லை. வாத்தியாருக்கு அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு தாள்களைக் கவுண்டர் மேல் அறைந்தார். ஒன்று, அவர் பதினோரு வருஷம் மண்டையை உடைத்து இணையத்தில் ஏற்றிய குடும்ப மரம். இன்னொன்று, மூன்று மாதம் முன்பு அதே தளத்தில் இவள் ஏற்றியது. கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி நானூற்றுச் சொச்சம் பேர், அச்சு அசல் அப்படியே.

"ஒவ்வொரு ஆளுக்கும் நாயா அலைஞ்சிருக்கேன். பிறப்புச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல், கல்லறைக் கல்லு, எல்லாத்தையும் பார்த்து, எங்கேர்ந்து எடுத்தேன்னு அடியில எழுதியிருக்கேன். நீ நோகாம வழிச்சுட்டுப் போயிட்ட. இன்னார்கிட்டேர்ந்து எடுத்தேன்னு ஒரு வரி போட்டா கை தேஞ்சுடுமா?"

"தப்புத்தான் சார். இப்பவே உங்க பேரைப் போட்டுடறேன்."

"இப்பப் போட்டு என்னத்துக்கு?" வாத்தியார் போனை எடுத்து நீட்டினார். "புகார் தயார். இந்தப் பட்டனை அழுத்தினா உன் மரத்தையே வேரோட பிடுங்கிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் நீ அதுல ஏற முடியாது."

முதல்முறையாக அவள் முகம் மாறியது. "மரத்தை எடுக்க வேண்டாம் சார். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"உனக்குன்னா? யார் வீட்டு மரம் அது?" வாத்தியாரின் காது சிவந்துவிட்டது. "நாப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவன் நான். ரெண்டு பேர் ஒரே விடையைச் சரியா எழுதினா ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே தப்பை எழுதினா மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். அதனாலதான் வேணும்னே ஒரு தப்பை வெச்சேன். எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. மூணாவதா ஒரு பொண்ணைச் சேர்த்து, பிறந்த தேதியும் போட்டு, ரெண்டு மாசத்துல செத்துட்டதா எழுதினேன். உன் மரத்துலயும் அதே தேதியில ஒரு பொண்ணு! இதுக்கு என்ன சொல்ற?"

"ரெண்டே மாசத்துல ஏன் சார் கொன்னீங்க?"

"நானே பொறக்க வெச்சேன், நானே கொன்னேன். உனக்கென்ன வந்துது?" தாளில் விரலால் குத்தினார். "காப்பியையாவது உருப்படியா அடிச்சியா? அம்மா பேரு காலி. செத்த தேதி காலி. உயிரோட இருக்கற ஆளுன்னு நெனச்சு அந்தத் தளமே பேரை மறைச்சு வெச்சிருக்கு. ஆதாரம்னு கேட்ட இடத்துல என்ன எழுதியிருக்க? 'எனக்குத் தெரியும்.' இதெல்லாம் ஒரு ஆதாரமா? என் வகுப்புல இப்படி எழுதினா முட்டைதான்!"

"அந்தத் தேதி உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

வாத்தியார் சற்றுத் தடுமாறினார். ஆனாலும் ஆதாரம் கேட்டுவிட்டார்களே, சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"எங்கப்பா பெட்டியில. பிரசவ வார்டுல கொழந்தை கையில கட்டுவாங்களே, அந்தப் பட்டை. தேதியும் ஒரு நம்பரும் இருந்துது. அவர் ஆஸ்பத்திரியில கிளார்க்கு, அந்த மாதிரிக் குப்பை பெட்டி நெறைய இருக்கும். யாரோடதோ, கைக்குக் கெடச்ச தேதிய எழுதினேன்."

"நம்பர் ஞாபகம் இருக்கா?"

"கணக்கு வாத்தியார்கிட்டயே நம்பரைக் கேக்கறியா? இருநூத்தி முப்பத்தெட்டு."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். திருகாணிகளுக்கும் உடைந்த சட்டங்களுக்கும் அடியிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதற்குள் இருந்ததைக் கவுண்டர் மேல் வைத்தாள். பழுத்துப்போன பட்டை. பெரியவர்கள் கைக்கான அளவு. அதே தேதி. 238.

"இது தாய் கையில கட்டினது. தாய்க்கும் புள்ளைக்கும் ஒரே நம்பர்தான் போடுவாங்க" என்றாள். "உங்க மரத்துலேர்ந்து நானூறு பேரை எடுத்தது நெஜம். அதுக்கு உங்க பேரைப் போடறேன், மன்னிப்பும் கேக்கறேன். இந்த ஒருத்திய மட்டும் உங்ககிட்டேர்ந்து எடுக்கல."

வாத்தியார் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா ஏன் அந்தக் குழந்தைப் பட்டையைக் கடைசிவரை பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கட்டைவிரல் இன்னும் பட்டன் மேலேயே இருந்தது.

"சரி, அப்படி ஒரு புள்ள பொறந்துதுன்னே வெச்சுக்குவோம். செத்த தேதிய ஏன் எழுதாம விட்ட?"

"என் சாவுத் தேதிய நான் எப்படிண்ணா எழுதறது?"