இதயத்துக்கு இதமான எண்ணெய்

எண்ணெய் வித்துச் செடியின் மரபணுவையே மாற்றி, இதயத்துக்கு ஆகாத கொழுப்பைக் குறைத்துக் காட்டியவர் அந்த விஞ்ஞானி. நன்றி சொல்ல ஒருவர் பழக்கூடையோடு ஆய்வகத்துக்கே வந்துவிட, விஞ்ஞானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“உங்க எண்ணெய் கடைக்கு வந்ததிலேர்ந்துதான் சார் எங்க குடும்பமே தலையெடுத்துச்சு.”

“இனிமே பயமில்லாம பொரிச்சுச் சாப்பிடலாம், இல்லையா?”

“அப்படித்தான் சாப்பிடறாங்க சார். ஒரு தட்டோட எழுந்தவங்க எல்லாம், இந்த எண்ணெய்தானேன்னு மூணு தட்டு உள்ள தள்றாங்க.”

விஞ்ஞானி பூரித்துப்போனார். “உங்களுக்கும் நெஞ்சு வலி இருந்துச்சோ?”

“எனக்கா? நான் எண்ணெய்ப் பண்டத்தையே தொடறதில்ல சார்.” வந்தவர் அழைப்பிதழை நீட்டினார். “நம்ம இதய ஆஸ்பத்திரியில படுக்கை பத்தலைன்னு புதுக் கட்டடம் கட்டியிருக்கேன். நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்.”