இரண்டு படகுக்கு ஒரு பூச்சு

வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறேன். காயவில்லை என்பது என் கட்டைவிரல் ரேகையோடு அண்ணனின் மரப்படகில் பதிந்துவிடுகிறது. நாங்கள் இருவரும் சின்ன வயதில் படுத்த கட்டிலின் பலகையிலிருந்து, உள்ளங்கை அளவுக்கு இரண்டு படகுகள் செதுக்கியிருக்கிறேன். ஒன்று எனக்கு, இன்னொன்று, நாளை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் அவனுக்கு. ஈர வார்னிஷைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறேன். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. எனக்குத் தும்மலாக வருகிறது. அண்ணன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஜிப்போடு மல்லுக்கட்டுகிறான். "திரும்பவும் வார்னிஷா, மெழுகா, இல்ல எண்ணெய் மட்டும் போதுமா?" என்று அவனைக் கேட்கிறேன். "உன் இஷ்டம்டா." "கறுப்பு பாலிஷ்?" "அதுவும் நல்லாத்தான் இருக்கும்." என் பொறுமையும் உப்புத்தாளும் ஒன்றாகத் தேய்கின்றன. "உன்கிட்ட கேட்டதுக்கு இந்த மரத்துக்கிட்டயே கேட்டிருக்கலாம்." "சரி, அது என்ன சொல்லுது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எதை அடிச்சா என்ன? அங்க போய் ஏதாவது அலமாரியில போட்டு மறந்துடுவே!" என்று கத்திவிடுகிறேன். ஜிப்பின் கரகரப்பு நிற்கிறது. "எண்ணெய் போடு," என்கிறான், பெட்டியைப் பார்த்தபடியே. "வார்னிஷ்னா பாக்கெட்ல சாவியோட உரசி உரிஞ்சிடும். நான் இதைத் தினமும் வச்சிக்கப் போறேன்."